கேட்டில் இருக்கும் எந்திரம், தொட்டியில் இல்லாத எந்திரம்

(தாம்பரத்தில் மாணவர்கள் கூட்டிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை அழைத்த தம்பி கொடுத்த தலைப்பு 'செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் சாதி'. போன வாரம் போனில் பேசும்போது அவரே ஒன்று சொன்னார்: "கம்ப்யூட்டருக்கு சாதி தெரியாது தோழர். இன்னும் பத்து வருசத்துல பாதி வேலைய மெஷினே செஞ்சிடும். அப்புறம் யாரு எந்த வேலை செய்யறதுங்கிற பேச்சே இருக்காது." நான் சிரிக்கவில்லை. அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் நான் பல வருசமாக ஓஎம்ஆரில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு பொருளை விற்பதற்கு முன் மேடையில் எதைக் காட்டுவார்கள், எதைக் காட்டாமல் விடுவார்கள் என்பது கொஞ்சம் தெரியும். அதனால் செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் குறைவாகவும், ஒரு கழிவுநீர்த் தொட்டியைப் பற்றி அதிகமாகவும் பேசப் போகிறேன். தலைப்புக்குத் துரோகம் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

கம்ப்யூட்டருக்கு சாதி தெரியாது என்பதை மட்டும் முதலில் முடித்துவிடுகிறேன். நம் ஊரில் திருமண இணையதளத்தைத் திறந்து பாருங்கள். சாதி, உட்சாதி என்று பட்டியல் விரியும். சாதிக்கு ஒரு தளம் என்று தனித்தனியாகவே கட்டி வைத்திருக்கிறார்கள். அம்மாவும் பெரியம்மாவும் நாலு ஊர் அலைந்து விசாரித்ததை இப்போது மென்பொருள் ஒரு நொடியில் வடிகட்டித் தருகிறது. கம்ப்யூட்டருக்கு சாதி தெரியாதுதான். நாம் சொல்லிக் கொடுத்தோம், நன்றாகக் கற்றுக்கொண்டது.

இனி தொட்டிக்கு வருகிறேன்.

நான் ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம் போன்ற ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். பெயர்ப்பலகையில் மாநகராட்சி வந்துவிட்டது. பாதாளச் சாக்கடை இன்னும் பல தெருக்களுக்கு வரவில்லை. எங்கள் கட்டடத்துக்கும் வரவில்லை. தரைக்கு அடியில் ஒரு தொட்டி, நிரம்பினால் ஒரு லாரி, அவ்வளவுதான் ஏற்பாடு. சாயங்காலம் வேளச்சேரி சாலையில் பைக்கில் போகும்போது முன்னால் அந்த லாரி போனால் மூக்கைப் பிடித்துக்கொண்டு முந்துவோமே, அதே லாரிதான்.

இரண்டு வருசத்துக்கு முன் எங்கள் சங்கத்தின் கூட்டத்தில் கேட்டுக்கு ஒரு செயலி வாங்கலாம் என்று பேச்சு வந்தது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பால்காரர், சாப்பாடு கொண்டுவரும் பையன் என யார் வந்தாலும் காவலாளி போட்டோ எடுப்பார். நம் போனில் மணி அடிக்கும். அனுமதி, மறுப்பு என்று இரண்டு பொத்தான். வேலைக்கு வருகிறவர்களுக்கு நட்சத்திர மதிப்பெண்கூடப் போடலாம். மாதாமாதம் வீட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம். இருபது நிமிடத்தில் ஏகமனதாகத் தீர்மானம் ஆகிவிட்டது. நானும் கை தூக்கினேன். வேலைக்கு வரும் அக்காக்களுக்கு நட்சத்திரம் போடுவது எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. அதே கூட்டத்தில் தொட்டியைச் சரிசெய்து உள்ளே தடுப்பையும் வாயையும் பெரிதாக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். செலவு அதிகம், அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். அந்த அடுத்த கூட்டம் இன்னும் வரவில்லை.

போன வருசம் ஒரு செவ்வாய்க்கிழமை லாரி வந்தது. குழாயை விட்டு உறிஞ்சினார்கள். தண்ணீர் வந்தது, அடியில் இறுகிக் கிடந்தது வரவில்லை. ஓட்டுநர் யாருக்கோ போன் போட்டார். அரை மணி நேரத்தில் ஒரு பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சட்டையைக் கழற்றி மடித்துச் சுவரோரம் வைத்துவிட்டு, ஒரு வாளியோடு உள்ளே இறங்கினார். நான் மூன்றாம் மாடி பால்கனியில் காதில் ஹெட்போனோடு அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். பார்த்தேன். இறங்கிப் போய் நிறுத்தச் சொல்லவில்லை. மைக்கை அணைத்து வைத்திருந்தேன், அவ்வளவுதான் செய்தேன்.

அவர் உயிரோடு மேலே வந்தார். அதனால்தான் இதை உங்களிடம் கதை மாதிரிச் சொல்ல முடிகிறது. செடிகளுக்குத் தண்ணீர் விடும் குழாயடியில் உட்கார்ந்து குளித்தார். காவலாளி அண்ணன் கீழிருந்து கூப்பிட்டார்: "சார், சோப்பு இருக்குமா?" கொடுத்தேன். அன்று இரவு செயலியைத் திறந்து பார்த்தேன். அவருடைய போட்டோ இருந்தது. வகை: பிற சேவை. உள்ளே வந்தது 11.10, வெளியே போனது 1.25. எங்கள் வளாகத்துக்குள் அவர் எத்தனை மணிக்கு வந்தார் என்பதை நிமிடக் கணக்கில் சொல்லத் தெரிந்த எந்திரம் எங்களிடம் இருந்தது. அவர் தொட்டிக்குள் இறங்காமல் இருக்க ஓர் எந்திரம் இல்லை.

நடந்தது குற்றம். பேச்சுக்காகச் சொல்லவில்லை, சட்டப்படியே குற்றம். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, பாதுகாப்பில்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டு வருசம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைச் செய்வித்தது எங்கள் சங்கம். அந்தச் சங்கத்தில் நான் உறுப்பினர். மாதக் கணக்கில் 'தொட்டி, ஆள் கூலி' என்று ஒரு வரி இருந்தது. அதற்கும் நான் பணம் கட்டியிருக்கிறேன்.

லாரி வந்தும் ஆள் ஏன் இறங்க வேண்டியிருக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் 'எந்திரம் வந்துவிட்டது' என்ற பொய் அந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. தொட்டியில் மூன்று அடுக்கு உண்டு. மேலே எண்ணெய்ப் பசையோடு ஒரு ஏடு, நடுவில் தண்ணீர், அடியில் கசடு. வருசக்கணக்கில் எடுக்காமல் விட்டால் அடிக்கசடு மணலும் துணியும் நாப்கினும் சேர்ந்து களிமண் போல இறுகிவிடும். லாரியின் பம்பு திரவத்தை உறிஞ்சும், இறுகியதை உறிஞ்சாது. அதைக் கலக்கிவிட ஒரு மனிதக் கை தேவைப்படுகிறது. காற்றில்லாத அந்த இருட்டில் நுண்ணுயிரிகள் மீத்தேனையும் ஹைட்ரஜன் சல்பைடையும் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். கசடைக் கலக்கும்போது அதில் சிக்கியிருந்த வாயு மொத்தமாக வெளியேறும். ஹைட்ரஜன் சல்பைடு குறைவாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மோப்ப நரம்பையே மரத்துப் போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை என்று நினைக்கிற நிமிடம்தான் ஆபத்தான நிமிடம். இன்னும் கூடினால் சில மூச்சில் ஆள் மயங்கி விழுவார். மேலே நிற்பவர் அதைப் பார்த்துத் தூக்கப் போவார். அவரும் விழுவார். 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் ஒரு குடியிருப்பின் தொட்டியில் இப்படி ஒருவர் பின் ஒருவராக ஆறு பேர் செத்தார்கள், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் உட்பட. நாம் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அது ஒன்றும் தொலைதூரம் இல்லை.

இதற்கு எந்திரம் கண்டுபிடிக்கவே முடியாதா? நிலவின் தென்துருவத்துக்குப் பக்கத்தில் வண்டி இறக்கிய நாடு இது என்று இந்த இடத்தில் எல்லோரும் சொல்வார்கள். நான் நிலவுக்குப் போகவில்லை, தாம்பரம் ரயில் நிலையத்துக்குப் போகிறேன்.

தென்னிந்தியாவில் முதல் மின்ரயில் ஓடிய பாதை எது தெரியுமா? கடற்கரையிலிருந்து நம் தாம்பரம் வரை, 1931இல். நாட்டின் பெரும்பாலான ஊர்களில் வீட்டு விளக்குக்கே மின்சாரம் இல்லாத காலம். அப்போதே இங்கே மின்சாரத்தில் ரயில் ஓடியது. உலகத்தின் புதுமை எதுவோ அது இந்தத் தண்டவாளத்துக்கு உடனே வந்தது. இதே தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் நீண்டதூர ரயில்களில் கழிப்பறை எப்படி இருந்தது? தரையில் ஒரு ஓட்டை. விழுவது தண்டவாளத்தில் விழும். நிலையத்தில் நிற்கும்போது பயன்படுத்தாதீர்கள் என்று ஒரு பலகை. விழுந்ததை ஒரு மனிதர், பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட சாதியைச் சேர்ந்தவர், துடைப்பத்தோடும் தண்ணீரோடும் இறங்கிச் சுத்தம் செய்தார். பெட்டிக்கு அடியில் ஒரு தொட்டி வைத்து, நுண்ணுயிரிகளை விட்டு மலத்தை மட்கச் செய்யும் பயோ டாய்லெட் பரவலாக வந்தது 2010களில்தான். மின்சாரம் 1931, கழிப்பறைக்குக் கீழே ஒரு தொட்டி 2010கள். நடுவில் எண்பது வருசம். தொட்டி செய்வது மின்ரயில் செய்வதைவிடக் கடினமான பொறியியலா? இல்லை. ரயிலை இழுக்க மலிவான மாற்று இல்லை. மலத்தை அள்ள மலிவான மாற்று இருந்தது. அந்த மாற்றின் பெயர் சாதி.

ஐடியில் இருக்கும் தோழர்கள் இதை எளிதாகப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு வேலையை எந்திரமயமாக்கலாமா என்று முடிவெடுக்கும்போது முதலில் பார்ப்பது, இப்போது அதைச் செய்யும் ஆளுக்கு எவ்வளவு செலவாகிறது என்பதைத்தான். ஆள் விலை அதிகமாக இருந்தால் எந்திரம் ஓடி வரும். ஆள் விலையைப் பிறப்பே குறைத்து வைத்திருந்தால் எந்திரம் வராது. உங்கள் வேலையை செயற்கை நுண்ணறிவு எடுத்துக்கொள்ளும் என்று இத்தனை பேர் பயப்படுகிறார்கள். தொட்டிக்குள் இறங்குகிறவரின் வேலையை எந்திரம் பிடுங்கிக்கொள்ளும் என்று எந்தப் பத்திரிகையாவது பதறி எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? பிடுங்கிக்கொள்ளட்டும் என்று முப்பது வருசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. 2018இல் கேரளத்தின் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் 'பாண்டிகூட்' என்ற ரோபோவைக் கொண்டுவந்தது, அதே ஆண்டு கும்பகோணத்துக்கும் வந்தது. பெருச்சாளி என்று பொருள்படும் பெயர். சிலந்தி மாதிரி கால்களோடு மேன்ஹோலுக்குள் இறங்கி, மண்ணை அள்ளி மேலே கொண்டுவரும். நல்ல எந்திரம். மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். 2020 நவம்பர் 19, உலகக் கழிப்பறை நாளில், ஒன்றிய அரசு 243 நகரங்களுக்கு ஒரு போட்டியை அறிவித்தது. 2021 ஏப்ரல் 30க்குள் எல்லாம் எந்திரமயம் ஆகிவிட வேண்டும் என்று கெடு. 2023 பிப்ரவரியில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வரவுசெலவு உரையில் இனி எல்லா நகரங்களிலும் நூற்றுக்கு நூறு எந்திரம்தான், மனிதர் இறங்கும் துளை எந்திரம் இறங்கும் துளையாகும் என்று சொன்னார். 'மேன்ஹோல்' 'மெஷின்ஹோல்' ஆனது. சொல் எந்திரமயமானதில் எனக்குச் சந்தேகமில்லை.

2024 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அரசே தந்த கணக்கு: 2019 முதல் 2023 வரை சாக்கடையிலும் தொட்டியிலும் இறங்கிச் செத்தவர்கள் 377 பேர். கெடு வைத்தது, பெயர் மாறியது எல்லாம் இந்த ஐந்து வருசத்துக்குள்தான். 1993இலிருந்து கணக்கெடுத்தால் இப்படிச் செத்தவர்கள் அதிகமுள்ள மாநிலம் நம்முடையதுதான் என்று அரசின் பட்டியல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சமூகநீதி மண் என்று மேடையில் முழங்கும்போது இந்த இடத்தில் குரல் கொஞ்சம் தாழ வேண்டும். இதற்கிடையில் 2021 ஜூலையில் மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளுவதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்றது ஒன்றிய அரசு. தொட்டிக்குள் செத்தவர்கள் 'ஆபத்தான துப்புரவு' என்ற வேறு தலைப்பில் இருந்தார்கள். நாங்களும் அலுவலகத்தில் ஒரு பிழையை மூட முடியாவிட்டால் வகையை மாற்றிவிடுவது உண்டு. அதில் யாரும் சாவதில்லை.

2022, 2023இல் நடந்த மரணங்களில் 54ஐ எடுத்துக்கொண்டு ஒரு சமூகத் தணிக்கை நடந்தது, அதன் முடிவு 2025 ஜூலையில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. 54 பேரில் 49 பேருக்கு எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லை. ஐந்து பேரிடம் கையுறை மட்டும், அவர்களில் ஒருவரிடம் கூடவே பூட்ஸ். 54 பேரில் 38 பேர் தனியாட்கள் நேரடியாகக் கூலிக்கு அழைத்து வந்தவர்கள். அரசுச் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் ஐந்தே பேர். இந்த 38ஐக் கவனியுங்கள். மாநகராட்சி எத்தனை ரோபோ வாங்கினாலும் அது மாநகராட்சியின் சாக்கடையில் இறங்கும். சாவில் பெரும்பங்கு வீட்டுத் தொட்டியில், ஓட்டல் தொட்டியில், அடுக்குமாடித் தொட்டியில் நடக்கிறது. அதாவது என்னைப் போன்றவர்கள் பால்கனியில் நிற்கும் இடத்தில். பாதாளச் சாக்கடை வராத புறநகர் பெருகப் பெருக இந்த இடமும் பெருகுகிறது. புத்தம்புதுக் கட்டடம், கண்ணாடி முகப்பு, கேட்டில் செயலி, அடியில் அதே தொட்டி.

தொட்டிக்கென்றே செய்த எந்திரமும் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இதே சென்னையில் ஐஐடி 'ஹோமோசெப்' என்ற ஒன்றை உருவாக்கி 2022இல் வெளியே கொண்டுவந்தது. தொட்டியின் குறுகிய வாய் வழியாக ஒரு தண்டு இறங்கும். உள்ளே போனதும் அதன் நுனியில் கத்திகள் குடை மாதிரி விரிந்து சுழன்று, இறுகிய கசடைக் கரைக்கும். கரைந்ததைக் குழாய் உறிஞ்சும். எங்கள் தொட்டியில் அந்த மனிதர் கையால் செய்தது இதைத்தான். துப்புரவுத் தொழிலாளர் இயக்கத்தோடு சேர்ந்து, இந்த வேலையில் கணவரை இழந்த பெண்கள் நடத்தும் குழுக்களுக்கு முதல் எந்திரங்களைக் கொடுத்தார்கள். தமிழ்நாடு முழுக்கப் பத்து எந்திரம் என்பது அன்றைய திட்டம். தாம்பரம் மாநகராட்சியில் மட்டும் 70 வார்டு. என் தெருவில் மட்டும் எத்தனை தொட்டி என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அந்தப் பத்தைப் பற்றி யோசியுங்கள். கண்டுபிடிப்பு இல்லாமல் இல்லை. கண்டுபிடித்ததைப் பெருக்குவதற்கு ஒரு சமூகம் காட்டும் அவசரம்தான் இல்லை. சாப்பாட்டை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும் செயலி தாம்பரத்தின் கடைசிச் சந்து வரை வர எத்தனை வருசம் ஆயிற்று?

வேறு ஒரு வகை எந்திரம் இதே மக்களைத் தேடி வேகமாகவே வந்திருக்கிறது. நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா நகராட்சிகள் துப்புரவுத் தொழிலாளர்களின் கையில் ஜிபிஎஸ் கைக்கடிகாரம் கட்டின. எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று ஒரு திரையில் புள்ளியாகத் தெரியும். 100 நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் ஒரு செயலி வழி நாளுக்கு இரண்டு முறை போட்டோ எடுத்து வருகை பதிவது கட்டாயமானது. சிக்னல் கிடைக்காவிட்டால் குனிந்து மண் வெட்டியவருக்கு வருகை இல்லை. கையுறை வாங்க டெண்டர் வருசக்கணக்கில் கிடக்கும், கடிகாரம் மட்டும் நேரத்துக்கு வந்துவிடும். உழைப்பவரைக் காப்பாற்றும் கருவி தாமதமாவதும், உழைப்பவரைக் கண்காணிக்கும் கருவி விரைவதும் தற்செயல் என்று நம்ப எனக்கு ஆசைதான், முடியவில்லை.

அந்த உடல்கள் யாருடையவை என்பதற்கும் அரசின் எண்ணே இருக்கிறது. கையால் மலம் அள்ளுவோராக அடையாளம் காணப்பட்டவர்களில் 43,797 பேரின் சாதி விவரம் 2021இல் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. அதில் 42,594 பேர் பட்டியல் சாதியினர். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. தொழில்நுட்பப் பிரச்சினை என்றால் ஏன் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மட்டும் இது பிரச்சினையாக இருக்கிறது என்று ஐஐடியில் படித்த யாராவது எனக்கு விளக்கட்டும்.

இப்படிப் பேசினால், "அப்ப நீங்க டெக்னாலஜிக்கு எதிரா தோழர்?" என்று கேட்பீர்கள். இல்லை. நம் மரபே அது இல்லை. எந்திரம் வேண்டாம், கிராமத்துக்குத் திரும்புங்கள், ராட்டையைச் சுற்றுங்கள் என்று சொன்ன காந்தியை எதிர்த்து 1945இல் அண்ணல் அம்பேத்கர் எழுதினார். மிருகத்தைப் போல உழைத்துச் சாகாமல் மனிதனுக்கு ஓய்வும் பண்பாடும் கிடைக்க எந்திரம் வேண்டும் என்பது அவர் பக்கம். எந்திரத்தின் பலன் எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்றால் எந்திரத்தைச் சபிப்பதில் பயனில்லை, பலனைச் சிலர் மட்டும் அபகரிக்க விடும் சமூக அமைப்பை மாற்ற வேண்டும் என்றார். பெரியார் இன்னும் ஒரு படி மேலே போனார். 1940களில் நூலாக வந்த 'இனிவரும் உலகம்' உரையில், ஆளுக்கு ஆள் முகம் பார்த்துப் பேசும் கருவியையும், சோதனைக் குழாயில் பிறக்கும் பிள்ளையையும், உடலை வருத்தும் உழைப்பு எந்திரத்துக்குப் போய்விட்ட உலகத்தையும் கற்பனை செய்தார். முகம் பார்த்துப் பேசும் கருவி இங்கே எல்லோர் பையிலும் இருக்கிறது. குழாய்ப் பிள்ளைக்கு குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரை விளம்பரப் பலகை. அவருடைய பட்டியலில் மீதியிருப்பது எது என்று பார்த்தால், நம் சமூகத்தின் மனது தெரிந்துவிடும்.

ஆகவே எந்திரத்தைப் பற்றி எனக்கு இருக்கும் கேள்வி ஒன்றுதான்: சாவி யார் கையில்? 2024 டிசம்பரில் சென்னையில், அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தின் கீழ், கழிவுநீர் அகற்றும் நவீன வாகனங்களைத் துப்புரவுப் பணியாளர்களுக்கே சொந்தமாக்கிக் கொடுத்தார்கள். குடிநீர் வாரியம் அவர்களோடு ஒப்பந்தம் போட்டு வேலை கொடுக்கும். நேற்று வரை குழிக்குள் இறங்கியவர் இன்று வண்டியின் உரிமையாளர். இதை நான் மனதார வரவேற்கிறேன். வரவேற்றுவிட்டு இரவில் படுக்கும்போது இன்னொன்று உறுத்துகிறது. அதே சாதியின் பிள்ளைக்கு அதே சாக்கடை, இந்த முறை வங்கிக் கடனோடு என்று ஆகிவிடாதா? கழிவுநீர் லாரி தொழில்முனைவோர் திட்டத்துக்கு மயிலாப்பூரிலிருந்து எத்தனை விண்ணப்பம் வந்திருக்கும்? இந்த இரண்டு எண்ணத்துக்கும் நடுவில் நான் இன்னும் நிற்கிறேன், உங்களிடம் தீர்ப்பாக எதையும் சொல்ல என்னிடம் இல்லை. ஆனால் இதே ஊரில் 2025 ஆகஸ்டில், குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்த தொழிலாளர்கள் இரவோடிரவாக அப்புறப்படுத்தப்பட்டதையும் பார்த்தோம். ஒரு கையால் சாவி கொடுப்பதும் இன்னொரு கையால் நிரந்தர வேலையைப் பிடுங்குவதும் ஒரே காலத்தில் நடக்கிறது. ஒப்பந்தக்காரரின் கீழ், அவருக்குக் கீழ் இன்னொருவர், அவர் பைக்கில் கூட்டிவரும் இரண்டு பேர் என்று சங்கிலி நீண்டால், செத்த பிறகு முதலாளி யார் என்று தேடவே ஒரு வழக்கு வேண்டும். 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் இழப்பீட்டைப் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக உயர்த்தியது. கொடுக்க வேண்டியவர் யார் என்று முதலில் ஒப்புக்கொள்ள ஆள் வேண்டுமே.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் குறைவாகப் பேசுவேன் என்றேன், ஒன்றுமே பேசவில்லை போலிருக்கிறது. ஒன்று மட்டும். கேம்ப் ரோட்டில் இறங்கினால் நாலு பக்கமும் ஏஐ படிப்பு விளம்பரம். படியுங்கள். நானும் படித்துக்கொண்டிருக்கிறேன், வயிறு இருக்கிறதே. ஆனால் உங்களில் பலர் நாளைக்கு ஒரு மேசையில் உட்கார்ந்து, எந்த வேலைக்கு எந்திரம் செய்வது, எந்த ஆளைக் கண்காணிப்பது என்று முடிவெடுக்கும் இடத்துக்கு வருவீர்கள். எங்கள் கேட் செயலியைச் செய்ததும் உங்களைப் போல ஒரு பொறியாளர்தான். 'பிற சேவை' என்ற பட்டியலை எழுதிய கை அவருடையது. அந்தக் கை என்ன நினைத்தது என்று நான் அடிக்கடி யோசிக்கிறேன்.

கடைசியாக எங்கள் வீட்டுக் கதையின் மீதி. இரண்டு மாதத்துக்கு முன் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் சட்டப் பிரிவை எழுதிப் போட்டேன். அன்று என்ன நடந்தது, நான் என்ன செய்யவில்லை என்பதையும் எழுதினேன். ஒரு மணி நேரம் யாரும் பதில் போடவில்லை. பிறகு ஒருவர் காலை வணக்கப் படம் போட்டார். இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மா மட்டும் தனியாக போன் செய்து, "நீ சொல்றது சரிதான்ப்பா. ஆனா தொட்டிய இடிச்சுக் கட்ட வீட்டுக்கு எவ்ளோ வரும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. மேஸ்திரியிடம் கேட்டு ஒரு கணக்கு வாங்கினேன். வீட்டுக்கு வரும் தொகை, கேட் செயலிக்கு நாங்கள் இரண்டு வருசமாகக் கட்டியதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

வருகிற ஞாயிறு பதினொரு மணிக்குக் கூட்டம். அதுவரைக்கும் லாரி கூப்பிட்டால் 14420 வழியாகத்தான் கூப்பிட வேண்டும், ஆள் இறங்கக் கூடாது என்று காவலாளி அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "இறங்க விடமாட்டேன் சார், ஆனா செக்ரட்டரி சொன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றார். எனக்கு போன் பண்ணுங்க அண்ணே, இந்த முறை கீழே வருவேன் என்று சொன்னேன். வருவேனா என்று அவர் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகம் இருந்தது.

எட்டரை மணி ஆகிவிட்டது, ஹாலைப் பூட்ட வேண்டும் என்று சைகை காட்டுகிறார்கள். கேள்வி இருப்பவர்கள் வாருங்கள், வெளியே டீக்கடையில் பேசுவோம்.